பொள்ளாச்சிப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய சொற்பிறப்பு அகராதி

பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தைக்குப் போகும் வழியிலுள்ள பழைய புத்தகக் கடையில், முகப்புத் தாள் கிழிந்துபோன ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி ஒன்றை 180 ரூபாய்க்கு வாங்கினேன். கால்நடை வளர்ப்புக் குறிப்புகளைத் தமிழாக்குவது என் தொழில் என்பதால், மேய்ச்சல் நிலத்துக்குரிய சொற்களையே முதலில் புரட்டினேன்.

மேய்ச்சல் நிலத்தைக் குறிக்கும் 'பாஸ்ச்சர்' என்பது, மேய்த்தல், தீனியூட்டல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்; தேவாலயத்தில் நாம் 'பாஸ்டர்' என்று அழைப்பவரின் பெயருக்கும் அதே வேர்தான். தமிழில் மேய்ச்சலும் மேய்ப்பரும், எல்லை தாண்டினால் பாலக்காட்டார் சொல்லும் 'மேச்சில்புறமும்' ஒரே வினையிலிருந்து கிளைத்திருப்பதால், இந்தப் பதிவு எனக்கு உடனே மனத்தில் பதிந்தது.

'மெடோ' அப்படியன்று. புல் அறுத்தலைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையோடு உறவுடைய அச்சொல், உலர்தீவனத்துக்காகப் புல்லை வளரவிட்டு அறுக்கும் நிலத்தைச் சுட்டியது. அறுப்பு முடிந்த பிறகே அங்கே மாடுகளை விடுவார்கள். 'பாஸ்ச்சர்', 'மெடோ' இரண்டையும் நான் பல ஆண்டுகளாகப் 'புல்வெளி' என்றே எழுதிவந்திருக்கிறேன். அதை நம்பி, அறுப்புக்கு விட்ட நிலத்தில் ஒருவர் மாட்டை ஓட்டிவிட்டால் கோடைக்கான தீவனமே போய்விடும் என்பதை எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது. இனி 'மெடோ' வரும் இடங்களில் 'அறுப்புப் புல் நிலம்' என்றே எழுதுவேன்.

'பேடக்' என்பதும் 'பார்க்' என்பதும் வேலியடைத்த நிலம் என்ற ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களுமாக நிற்கும் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடே 'பேடக்' என்பதற்கு மிக நெருங்கிய சொல் என்று கருதுகிறேன். பிரெஞ்சிலிருந்து பிரெய்ரி, கரீபியத் தீவுகளின் டைனோ மொழியிலிருந்து ஸ்பானியம் வழியாகச் சவானா, கெச்சுவா மொழியிலிருந்து பாம்பாஸ், ரஷ்யத்திலிருந்து ஸ்டெப் என, கடல் கடந்தும் நிலம் கடந்தும் வந்த பரந்த புல்வெளிப் பெயர்களையும் அகராதி சுருக்கமாகத் தருகிறது.

பொருள்வாரி அட்டவணை இல்லாதது பெருங்குறை. உறவுச் சொற்களைத் தேட ஒவ்வொரு முறையும் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. எழுத்தும் மிகப் பொடியானது. ஆயினும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இத்தகைய அகராதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கடைக்காரர் அகராதிகளை உள்ளறையில் அடுக்கி வைத்திருக்கிறார். கேட்டால் எடுத்துக் கொடுத்து, உட்கார்ந்து படித்துப் பார்க்க நாற்காலியும் போடுகிறார்.