ரேப்7 ஆன்டிபாடி: ஜெல்லில் தங்கம், செல்லில் தலைவலி

செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்தை நடத்தும் ரேப்7 புரதத்தைப் பிடித்துக் காட்ட எந்த ஆன்டிபாடி வாங்கலாம் என்று பக்கத்து லேப் நண்பர் கேட்டார். ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. கம்பெனி பெயர் வேண்டாம். முயலில் எடுத்த பாலிகுளோனல், அதாவது பல ஆன்டிபாடிகளின் கலவை. வெஸ்டர்ன் (புரதங்களை ஜெல்லில் பிரித்துப் பார்ப்பது), இம்யூனோஃப்ளோரசன்ஸ் (செல்லுக்குள்ளேயே ஒளிரவைத்துப் பார்ப்பது) இரண்டுக்கும் சரிவரும் என்று டிக் போட்டு விற்கிறார்கள்.

வெஸ்டர்னில் குறையே சொல்ல முடியாது. 1:1000 டைல்யூஷனில் போட்டால் 23 கிலோடால்டன் பக்கத்தில், ரேப்7-இன் எடைக்கு உரிய இடத்தில், ஒரே பேண்ட், பளிச்சென்று. மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் வைத்து ரேப்7-ஐ நீக்கிய (நாக்அவுட்) ஹீலா செல்களில் அந்த இடம் சுத்தமாகக் காலி. மைனஸ் 20-ல் மாதக்கணக்கில் கிடந்த ட்யூபும் அதே சிக்னலைத் தருகிறது.

தலைவலி கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில்தான். சாதாரண செல்லில் நியூக்ளியஸை ஒட்டிப் புள்ளி புள்ளியாக அழகான படம். ரேப்7 தங்கும் சிறு பையான லேட் எண்டோசோம் எங்கே இருக்குமோ, சரியாக அங்கேதான். அடுத்த ஸ்லைடில் நாக்அவுட் செல்கள். அங்கேயும் அதே புள்ளிகள்! புரதமே இல்லாத செல்லில் இது எதைப் பிடித்துக்கொண்டு மின்னுகிறது? செல்லை ஃபிக்ஸ் செய்யப் பாராஃபார்மால்டிஹைடுக்குப் பதில் மெத்தனால், சவ்வில் துளை போட ட்ரைட்டானுக்குப் பதில் சப்போனின், எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. பிரைமரியை விட்டுவிட்டு, அதன்மேல் ஒட்டி ஒளிரும் செகண்டரி ஆன்டிபாடியை மட்டும் போட்ட ஸ்லைடு கறுப்பாகத்தான் இருக்கிறது. ஆக, கோளாறு பிரைமரியில், அதாவது இந்த ரேப்7 ஆன்டிபாடியில். அதே செல்லில் கூடவே போட்ட ஹெச்4ஏ3, அயோவா ஹைப்ரிடோமா வங்கியின் லேம்ப்1 ஆன்டிபாடி, லைசோசோம்களை வளையம் வளையமாகக் காட்டுகிறது. மனது நிறைந்துவிடும்.

நியாயமாகப் பார்த்தால், வெஸ்டர்னில் எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜென்ட் புரதத்தை விரித்துவிடுகிறது, ஜெல் அதை எடைவாரியாகப் பிரித்துவிடுகிறது. வேறு எதையாவது பிடித்தாலும் அது தள்ளி இன்னொரு பேண்டாகத் தெரிந்துவிடும். ஃபிக்ஸ் செய்த செல்லில் அந்தப் பிரிப்பு கிடையாது, புரதமும் பெரும்பாலும் மடிந்தபடியே இருக்கும். ஒன்றில் தேறியது மற்றதில் தேற வேண்டும் என்று கட்டாயமில்லை. அதற்காகத் திட்ட மாட்டேன். ஆனால் டிக் போடுவதற்கு முன்னால் ஒரு நாக்அவுட் ஸ்லைடு பார்த்திருக்க வேண்டாமா? கம்பெனிக்கு எழுதிக் கேட்டால், “டைல்யூஷனை மாற்றிப் பாருங்கள்” என்று பதில். இந்த டிக்கை நம்பி எங்கள் லேப் மாணவி எடுத்த படங்கள் மொத்தமும் வீண். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

2023-ல் ஆன்டிபாடிகளைச் சோதிக்கும் ஒய்கேரோஸ் (YCharOS) குழு 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை நாக்அவுட் செல்களோடு ஒப்பிட்டு வெளியிட்டது. சராசரியாக ரீகாம்பினன்ட்தான் (ஆன்டிபாடியின் மரபணுவை வைத்து லேபில் தயாரிப்பது) முந்தியது. வாங்குகிறவர்கள் நாக்அவுட் படம் காட்டுகிற ரீகாம்பினன்டாகப் பார்த்து வாங்குங்கள்.

வெஸ்டர்ன் மட்டும் செய்பவருக்கு இதைவிட நல்ல ட்யூப் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் வாங்காதீர்கள் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். அந்த இரண்டாவது டிக்கை எடுக்கும்வரை எங்கள் லேபிலிருந்தும் ஆர்டர் போகாது.