பல்லில் சீழ்: முதலில் மாத்திரையா, முதலில் அறுவையா?

பல்வேரில் சீழ் கட்டிக் கன்னம் வீங்கிய நிலையில் பல் மருத்துவரை நாடும் ஒருவருக்கு இரண்டு வெவ்வேறு பதில்கள் கிடைக்கக்கூடும். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டு, வீக்கம் வடிந்த பிறகு வந்து பல்லை எடுத்துக்கொள்ளச் சொல்வது ஒன்று. அன்றைக்கே மரத்துப்போகும் ஊசி போட்டு, சீழை வெளியேற்றி, பல்லையும் எடுத்துவிட்டு, வலி மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புவது மற்றொன்று. இரண்டில் எது பொருந்தும் என்பதை வலியின் கடுமை தீர்மானிப்பதில்லை. தொற்று பல்லைச் சுற்றிய இடத்தோடு நிற்கிறதா, உடலுக்குள் பரவத் தொடங்கிவிட்டதா, பல்லுக்கான சிகிச்சை இன்றே கிடைக்குமா என்ற கேள்விகளே தீர்மானிக்கின்றன.

மாத்திரையை முன்னிறுத்தும் வழிக்கு நீண்ட காலப் பழக்கத்தின் பலம் உண்டு. வீக்கம் இருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் கிருமிகள் சுற்றியுள்ள திசுக்களுக்கும் இரத்தத்துக்கும் பரவிவிடும் என்ற அச்சம் பல் மருத்துவத்தில் வெகுகாலம் நிலவியது. வீக்கத்தோடு பல்லில் கை வைக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வது அதன் எச்சமே. இன்றைய வாய் அறுவை மருத்துவம் இதை ஏற்பதில்லை. தொற்றுக்குக் காரணமான பல் எவ்வளவு விரைவில் அகற்றப்படுகிறதோ, அவ்வளவு விரைவில் வீக்கமும் காய்ச்சலும் தணிகின்றன. தள்ளிப்போடுவதுதான் பரவலுக்கு இடம் தருகிறது.

மாத்திரையால் மட்டும் இந்த வேலை முடியாததற்குப் பல்லின் அமைப்பே காரணம். மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் கிருமியைச் சென்றடைய வேண்டும். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்திசுவான பற்கூழ் அழுகிவிட்ட பல்லுக்குள்ளோ இரத்த ஓட்டமே இல்லை. சீழ்க்கட்டியின் நடுப்பகுதிக்கும் மருந்து போதிய அளவில் ஊடுருவுவதில்லை. வேர்க்குழாயின் சுவரில் படலமாக ஒட்டி வாழும் கிருமிகள், தனித்து மிதப்பவற்றைக் காட்டிலும் மருந்தை எளிதில் தாக்குப்பிடிக்கின்றன. ஆகவே மாத்திரை சுற்றுத்திசுவில் உள்ள கிருமிகளை அடக்குகிறது, வீக்கம் வடிகிறது, வலியும் குறைகிறது. ஊற்றுக்கண் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த இடைக்கால நிம்மதியே முதல் வழியின் பெரிய ஆபத்து என்று நான் கருதுகிறேன். வலி போனவர்களில் பலர் அறுவைக்குத் திரும்பி வருவதில்லை. பிறகு அதே பல் மீண்டும் வீங்கும்போது அதே மாத்திரையைத் தாமாகவே வாங்கிச் சாப்பிடத் தொடங்குகிறார்கள்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் உடனடிச் சிகிச்சையின் பக்கமே நிற்கிறது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றாத வயது வந்தவருக்கு, பற்கூழை அகற்றுதல், வேர் சிகிச்சை, சீழை வடித்தல் போன்றவற்றில் பொருத்தமான ஒன்று உடனே கிடைக்குமானால், பற்கூழ் மற்றும் வேர்முனைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டிபயாடிக் தர வேண்டாம் என்று அது பரிந்துரைக்கிறது. வலிக்கு இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் உண்டு. சீழே இல்லாமல் பற்கூழ் அழற்சியால் மட்டும் துடிக்கும் பல்லுக்கு, சிகிச்சை சற்றுத் தாமதமானாலும்கூட ஆன்டிபயாடிக் பயன் தராது என்பதும் அதன் நிலைப்பாடு.

இந்த வழிக்கும் ஒரு குறை உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. அழற்சி கண்ட திசுவில் அமிலத்தன்மை கூடிவிடுவதால், மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் போன்ற மருந்தில் நரம்புக்குள் நுழையக்கூடிய வடிவத்தின் பங்கு குறைந்துவிடுகிறது. ஊசி போட்டும் சரியாக மரத்துப்போகவில்லை என்று நோயாளி துடிப்பது இதனால்தான். ஆனால் இதற்கு ஒரு வாரம் மாத்திரை சாப்பிடுவது ஒன்றே தீர்வு என்று ஆகிவிடாது. வீங்கிய இடத்தை விட்டு விலகி, நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்துக்கு அருகில் ஊசி போட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அதுவும் போதாதபோது, முதலில் சீழை மட்டும் வடித்துவிட்டு, அழுத்தமும் வலியும் தணிந்த பின் பல்லை எடுப்பது ஏற்கத்தக்க நடைமுறையே.

மருந்து உண்மையிலேயே தேவைப்படும் இடம் வேறு. காய்ச்சல், உடல் சோர்வு, கழுத்தில் நெறி கட்டுதல், விரைந்து பெருகும் வீக்கம் ஆகியவை தென்பட்டால் தொற்று தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது மாத்திரையா அறுவையா என்ற கேள்வியே பொருளற்றது. இரண்டும் சேர்ந்தே வேண்டும். சீழ் கட்டியிருந்தும் பல் சிகிச்சை உடனே கிடைக்காத நிலையில், அது கிடைக்கும் வரை மாத்திரை தருவதும் முறையானதே. மேற்சொன்ன வழிகாட்டுதலில் வயது வந்தவருக்கான முதல் தேர்வுகளில் ஒன்று அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், நாளொன்றுக்கு 3 வேளை, 3 முதல் 7 நாள் வரை என்பதாகும். கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் மருத்துவர் இதைவிட முன்னதாகவே மருந்தைத் தொடங்கக்கூடும்.

அறுவைக்குச் சற்று முன் கொடுக்கப்படும் ஒற்றை வேளை மருந்தைப் பலரும் இதனோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது பல்லில் உள்ள தொற்றுக்கானதன்று. ஈறு கீறப்படும்போது இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் இதயத்தின் உட்படலத்தைப் பற்றிவிடாமல் தடுப்பதற்கானது. செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள், முன்பே அத்தகைய இதயத் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் அமெரிக்க இதயச் சங்கம் இதைப் பரிந்துரைக்கிறது. வழக்கமான அளவு 2 கிராம் அமாக்சிசிலின், அறுவைக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன். ஏற்கெனவே அமாக்சிசிலின் சாப்பிட்டுவரும் இத்தகைய நோயாளி அதுவே போதும் என்று இருந்துவிடக் கூடாது. அவருக்கு வேறு வகை மருந்தைத் தேர்ந்தெடுப்பதே முறை என்பதால், முன்பே சாப்பிட்ட மாத்திரைகளை மருத்துவரிடம் சொல்வது இங்கே மிக முக்கியமாகிறது.

தேவையற்ற மாத்திரை தீங்கில்லாதது என்ற எண்ணமும் சரியன்று. பென்சிலின் ஒவ்வாமை அரிதாக உயிரையே பறிக்கும். கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் குடலில் கடுமையான வயிற்றுப்போக்குத் தொற்றுக்கு வழிவிடக்கூடியது என்பதால், மேற்சொன்ன இதயத் தொற்றைத் தடுக்கும் மருந்துகளின் பட்டியலிலிருந்து 2021-இல் அது நீக்கப்பட்டது. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான வார்ஃபரினின் விளைவைக் கூட்டி இரத்தக்கசிவை உண்டாக்கலாம். பல் எடுக்கப்போகும் ஒருவருக்கு இது சிறிய செய்தியன்று.

மாத்திரை தரப்பட்டால் அதை எத்தனை நாள் சாப்பிடுவது என்பதிலும் கருத்து மாறியிருக்கிறது. 3 நாட்களுக்குள் நோயாளியை மீண்டும் மதிப்பிட வேண்டும், அறிகுறிகள் முற்றிலும் நீங்கி 24 மணி நேரம் ஆனபின் மருந்தை நிறுத்தலாம் என்பது 2019 வழிகாட்டுதலின் கூற்று. நிறுத்தும் நாளை மருத்துவரே சொல்ல வேண்டும். அதற்கிடையில் நாக்கின் அடிப்பகுதியோ கழுத்தோ வீங்குவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, எச்சிலை விழுங்கச் சிரமப்படுவது, மூச்சுத் திணறுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால், அடுத்த வேளை மாத்திரைக்கோ பல் மருத்துவரின் அடுத்த சந்திப்பு நாளுக்கோ காத்திராமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.