தேயிலைச் செடிக்கு ஒரு பத்து மடங்கு கைலென்ஸ்

கமேலியா பேரினத்தைச் சேர்ந்த தேயிலைச் செடியில் முற்றிய இலைகள் செம்பு நிறமாக மாறினால், நீலகிரியின் சிறு விவசாயிகளாகிய நாங்கள் பெரும்பாலும் செஞ்சிலந்தி (இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய சிவப்புச் சிற்றுண்ணி) என்று முடிவுசெய்து மருந்து அடித்துவிடுகிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 400 ரூபாய்க்கு வாங்கிய, மடக்கி வைக்கக்கூடிய பத்து மடங்கு கைலென்ஸ் அந்த அவசரத்தை என்னிடமிருந்து போக்கியது.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இலையை இரண்டரை சென்டிமீட்டர் தூரம் வரை மெல்ல நெருக்கிக் கொண்டுவர வேண்டும். இந்தப் பழக்கம் கைவர எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதன்பின், இலையின் மேற்பரப்பில் நடு நரம்பை ஒட்டி நுண்ணிய நூலாம்படையும், சிவந்த உருண்டை முட்டைகளும், ஊர்ந்து திரியும் சிலந்திகளும் தெரிந்தால் அது செஞ்சிலந்தி என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. அவை இல்லாமல், உரிந்த தோல்கள் வெண்தூளாகப் படிந்திருக்க, அவற்றினிடையே நூல் நூற்கும் கதிரின் வடிவில் புள்ளிகள் தென்பட்டால், ஊதாச் சிலந்தி என்னும் இன்னொரு சிற்றுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். சாலைப் புழுதி படிந்த வரிசைகளில் செஞ்சிலந்தி முதலில் தோன்றுவதை இப்போது கோடைதோறும் கவனிக்கிறேன். சிலந்திகளைத் தின்னும் சிறிய கருநிறப் பொறிவண்டுகளையும் அதே இலையில் கண்டால், மருந்தை ஒத்திப்போட்டுச் சில நாட்கள் பொறுத்திருந்து மறுபடியும் பார்க்கிறேன்.

கொப்புள நோய்க்கு லென்ஸ் தேவையில்லை. இளம் இலையின் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் வெண்மையாகப் புடைத்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். தேயிலைக் கொசு (பெயர்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி) உறிஞ்சிய கொழுந்தின் பழுப்புப் புள்ளிகளும் அப்படியே. வேர் நோய்க்கோ இந்தக் கருவியால் பயனில்லை. திடீரென வாடிய செடியின் வேரைத் தோண்டிக் கழுவிப் பார்ப்பதுதான் வழி.

குறை என்றால், மடக்கும் இடத்தில் உள்ள திருகாணி ஓராண்டுக்குள் தளர்ந்துவிட்டது, மூடுபனிக் காலையில் கண்ணாடி அடிக்கடி மங்குகிறது. இருபது மடங்கு லென்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பார்வைப் பரப்பு மிகவும் சுருங்குவதால், காற்றில் ஆடும் இலையில் ஊரும் சிலந்தியைத் தொடர்ந்து பார்க்க இயலவில்லை. பத்து மடங்கே போதும். கழுத்தில் மாட்டக் கயிறு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.