காளையைப் பசு என்கிற போட்டோ ஆப்: மூன்று வருட அனுபவம்

"அண்ணா, அந்தப் போட்டோ ஆப்புக்கு வருஷக் கட்டணத்தைப் பாதியாக் குறைச்சிருக்காங்க, போட்டுடலாமா?" என்று நேற்று ஒரு தம்பி கேட்டார். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் என்னைப் போலவே ஆடு, மாடு தரகு பார்ப்பவர்.

தேடல் விஷயத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாட்டின் காது வில்லையில் இருக்கும் 12 இலக்க எண்ணைப் படத்திலிருந்தே படித்துவிடும். கடைசி நாலு எண்ணைச் சொன்னால் போதும், அந்த மாட்டை எந்தச் சந்தையில் எந்தத் தேதியில் பார்த்தேன் என்று வந்து நிற்கும். இதற்காகவே மூன்று வருஷமாகப் பணம் கட்டுகிறேன்.

ஆனால் படத்தில் இருப்பது என்னவென்று அதுவே பெயர் வைக்கிற லட்சணம்தான் பொறுக்கவில்லை. எந்த மாட்டைக் கண்டாலும் 'பசு'. எருது விடும் விழாவில் எடுத்த படம்; கொம்பில் தட்டி கட்டி, திமில் புடைத்து, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வருகிற காளை. அதன் கீழேயும் 'பசு'. கோழிக்கு வேறு குளறுபடி: கொண்டை சிவப்பாக இருந்தால் சேவலாம். முட்டை வைக்கிற பருவத்தில் பெட்டைக்கும் கொண்டை நன்றாகச் சிவக்கும் என்பது கோழி வளர்த்த எல்லோருக்கும் தெரியும்.

இது இந்த ஒரு ஆப்போடு நிற்கிற கோளாறும் இல்லை. கணினிக்குப் படம் காட்டிப் பழக்குகிற இமேஜ்நெட் போட்டித் தொகுப்பின் 1000 வகைகளில் சேவல் தனி, பெட்டை தனி; பொதுவாகக் கோழி என்று ஒன்று கிடையாது. எருது உண்டு, பசு இல்லை. 2014-ல் வந்த கோகோ என்கிற இன்னொரு படத் தொகுப்பில் பசுவும் செம்மறியும் உண்டு, வெள்ளாடே இல்லை. ஆங்கிலத்தில் ஒற்றை மாட்டைச் சொல்லப் பேச்சுவழக்கில் பொதுச்சொல் இல்லாததால் எல்லாவற்றையும் 'கவ்' என்பார்கள். நமக்கு என்ன குறை? 'மாடு' இருக்கிறதே! ஆப்பைத் தமிழாக்கியவர் அந்த ஒரு சொல்லைப் போட்டிருந்தால் தீர்ந்தது.

போன வாரம் பாலக்கோட்டுக்காரர் ஒருவர் கிடேரிக் கன்று கேட்டார். அவசரத்தில் 'பசு' என்று தேடி, வந்த கன்றுப் படங்களை அப்படியே அனுப்பிவிட்டேன். வண்டி பிடித்து வந்தவர் வாலைத் தூக்கிப் பார்த்தால், காளைக்கன்று. பக்கவாட்டில் எடுத்த படத்தில் ஆறு மாசக் கன்றைப் பார்த்து நானே ஆணா பெண்ணா என்று தடுமாறுவேன். ஆப் மட்டும் எதற்குத் துணிந்து சொல்ல வேண்டும்? மாடு, ஆடு, கோழி என்று நிறுத்திக்கொள்ளட்டும். காளையா, காயடித்த எருதா, கிடேரியா என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் எழுதிக்கொள்வான்.

எழுதியும் பார்த்தேன். நூற்றுக்கணக்கான படங்களுக்கு ராத்திரி உட்கார்ந்து கையால் மாற்றினேன். அப்டேட் வந்ததும் மறுபடி எல்லாம் பசு.

தம்பியிடம் "வேண்டாம், போடாதே" என்று சொல்லிவிட்டேன். பாலக்கோட்டுக்காரருக்கு வண்டி வாடகையை நான்தான் கொடுத்தேன்.