கல்யாணப் படங்களில் ரிமூவ் டூல்: நாள்பட்ட அனுபவம்

ஃபோட்டோஷாப்பில் 2023-இல் ரிமூவ் டூல் வந்ததிலிருந்து கல்யாண ஆல்பம் டச்சப்பை அதில்தான் தொடங்குகிறேன். மண்டபச் சுவரில் தொங்கும் ஒயர், மேடை ஓரத்துத் தண்ணீர் பாட்டில், மணப்பெண் தலைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் லைட் ஸ்டாண்ட் எல்லாம் ஒரு இழுப்பில் போய்விடும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பட்டுப்புடவை மேல் மட்டும் அதை நம்பாதீர்கள். ஜரிகை பார்டருக்குக் குறுக்கே மைக் ஒயர் போயிருந்தால், ஒயரை எடுத்துவிட்டு ஜரிகை மாதிரி எதையோ அதுவாக வரைந்து வைக்கும். கம்ப்யூட்டரில் முழுப்படமாகப் பார்க்கும்போது தெரியாது. 12-க்கு 36 அங்குல ஆல்பம் பக்கத்தில் அச்சாகி வந்தால் பார்டரில் இருக்கும் மயிலுக்குக் கழுத்து இருக்காது. புடவை எடுத்துக் கொடுத்த அம்மா கண்ணில்தான் அது முதலில் படும்!

அங்கே பழைய குளோன் ஸ்டாம்ப்தான், அதாவது ஒரு இடத்தில் இருப்பதை அப்படியே நகலெடுத்து இன்னொரு இடத்தில் பதிக்கும் கருவி. படத்துக்கு மேல் காலி லேயர் (கண்ணாடித் தாள் மாதிரி ஓர் அடுக்கு) ஒன்று போட்டு, கீழே உள்ள படத்திலிருந்தும் நகலெடுக்கும்படி சாம்பிளை 'கரன்ட் அண்ட் பிலோ' என்று வையுங்கள். பார்டர் மடிப்பில் சாய்ந்து போனால், குளோன் சோர்ஸ் பேனலில் கோணத்தை மாற்றி, நேராக ஓடும் பகுதியிலிருந்து மயிலை எடுத்து ஒட்டலாம். நேரம் பிடிக்கும், ஆனால் அது அந்தப் புடவையின் மயிலாகவே இருக்கும்.

தேர்ந்தெடுத்த இடத்தை ஏஐ புதிதாக வரைந்து நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில்லும் அதே 2023-இல்தான் வந்தது. வந்த புதிதில் ஒரு தடவைக்கு 1024 பிக்சல் அளவுக்குத்தான் வரைந்து தந்தது. பெரிய இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அதையே இழுத்துப் பெரிதாக்கும், பக்கத்தில் உள்ள கூர்மை இருக்காது. மேடைப் பின்திரைக்குப் போதும். பூமாலைக்குப் போதாது.

முகத்துக்கு 2002-இல் வந்த ஹீலிங் பிரஷ் (சுற்றியுள்ள தோலோடு கலந்து கறையை மறைக்கும் கருவி) இன்னும் எனக்குப் போதுமானது. பரு, சிந்திய குங்குமம் எடுப்பேன். மச்சத்தைக் கேட்டால்தான் தொடுவேன். ஹோமத்துக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு வியர்க்கத்தான் செய்யும். மினுமினுப்பை அடியோடு துடைத்தால் முகம் மாவு பூசியது போல ஆகிவிடும். தனி லேயரில் செய்து ஒபாசிட்டியை, அதாவது அந்த லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்ற அளவை, பாதிக்குக் குறைத்தால் சரியாக இருக்கும். நிறத்தை வெளுக்கச் சொன்னால் முடியாது என்றுதான் சொல்கிறேன். முகத்தை வெளுத்தால் தாலி கட்டும் கை காட்டிக்கொடுத்துவிடும். அட்சதையிலும் கண்ணை மறைக்கும் அரிசியை மட்டும் எடுப்பேன், மற்றவை பறக்கட்டும்.

2024-இல் பின்னணி ஆட்களைத் தானே கண்டுபிடித்து நீக்கும் வசதி வந்தது. கடற்கரைப் படத்துக்குச் சரி. முகூர்த்தப் படத்தில் அது 'கவனச்சிதறல்' என்று பிடிப்பது மாப்பிள்ளையின் பெரியப்பாவாக இருக்கும். வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யாரையும் அழிக்காதீர்கள். அப்புறம், லேயரோடு இருக்கும் பிஎஸ்டி கோப்பை (ஃபோட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு வகை) ஆல்பம் கொடுத்த பிறகும் வைத்திருங்கள். 'அந்த மாமா எங்கே?' என்று எப்படியும் போன் வரும்.