டெக்சாஸ் 50 ரவுண்டு, இல்லினாய் 30 ரவுண்டு: எது நல்ல தேர்வு?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல லைசென்ஸ் கேட்பவர் எவ்வளவு நன்றாகச் சுட வேண்டும் என்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் ஒரு அளவு. புளோரிடாவில் மதிப்பெண்ணே கிடையாது, பயிற்சியாளர் முன்னால் பாதுகாப்பாகச் சுட்டுக் காட்டினால் போதும். அதை விட்டுவிடுவோம். டெக்சாஸிலும் இல்லினாயிலும் பி-27 என்ற ஆள் உருவ இலக்கு, 70 சதவீதம் எடுத்தால் பாஸ். ஆனால் அந்த 70 இரண்டு இடத்திலும் ஒன்றில்லை.

டெக்சாஸில் 3 கஜத்தில் 20 ரவுண்டு, அதாவது 20 குண்டு, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. நடு வளையங்களில் பட்டால் குண்டுக்கு 5 மதிப்பெண், வெளியே போகப்போக 4, 3 என்று குறையும், மொத்தம் 250க்கு 175 வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், முதல் 40 குண்டும் நடுவில் விழுந்தால் 200 வந்துவிடுகிறது, அப்புறம் 15 கஜத்தில் பத்தும் தவறினாலும் அவர் பாஸ். 45 அடி தள்ளி நிற்கும் இலக்கில் ஒன்றுகூடப் படாதவருக்குச் சான்றிதழ் கொடுக்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தவறுகிற குண்டும் எங்கேயோ போய்த்தானே நிற்கும்?

இல்லினாயில் 5, 7, 10 கஜத்தில் பத்துப் பத்தாக 30 ரவுண்டு, 21 பட வேண்டும். கிட்டத்து இருபதும் பட்டாலும் 10 கஜத்தில் ஒன்றாவது பட்டே ஆக வேண்டும். அதுவும் பெரிய தடை இல்லைதான். பயிற்சி 16 மணி நேரம், டெக்சாஸில் வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். சட்டம், பாதுகாப்பு எல்லாம் நிதானமாகச் சொல்லித்தர இந்த நேரம் வேண்டும், இதில் இல்லினாய் பக்கம்தான் நான்.

டெக்சாஸ் ஜெயிப்பது கடிகாரத்தில். 3 கஜத்தில் ஒரு குண்டுக்கு 2 நொடி, பிறகு இரண்டு குண்டுக்கு 3 நொடி. நேரம் ஓடும்போது பிடி நடுங்குவதும் விசையை வெடுக்கென்று இழுப்பதும் அப்போதுதான் தெரியும். இல்லினாய் சட்டத்தில் நேரக் கெடுவே இல்லை. ஆனால் 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை இல்லாத பெரும்பாலோர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லலாம், அதனால் இந்தத் தேர்வை எழுதாமலே பலர் போய்விடலாம்.

இரண்டிலும் விட்டுப்போனது ஒன்று, சட்டைக்குள்ளிருந்து துப்பாக்கியை உருவிச் சுடச் சொல்வதே இல்லை. மறைத்து வைப்பவருக்கு அதுதானே முதல் வேலை? என்னைக் கேட்டால் இல்லினாய் வகுப்பு, டெக்சாஸ் கடிகாரம், ஒவ்வொரு தூரத்திலும் தனித்தனியாகப் பத்துக்கு ஏழு.