உலோகக் கோளத்தின் சிதறல்: எம்.ஓ.எம்-மா, எஃப்.டி.டி.டி-யா?

ஒரு பொருளில் மோதும் மின்காந்த அலை எப்படிச் சிதறும் என்று கணினியில் கணிக்க எம்.ஓ.எம் (மொமென்ட் முறை), எஃப்.டி.டி.டி (நேர ஆட்கள வரம்புறு வேறுபாட்டு முறை) என இரண்டு வழிகள். ஓர் அலைநீளம் ஆரமுள்ள உலோகக் கோளத்தை எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடுவோம்.

எம்.ஓ.எம் கோளத்தின் மேற்பரப்பை மட்டும் சிறு முக்கோணங்களாகப் பிரிக்கிறது (மெஷ்). முக்கோணத்தின் பக்கம் அலைநீளத்தில் பத்தில் ஒன்று என்றால் சுமார் 2,900 முக்கோணங்கள், 4,350 விளிம்புகள். ராவ், வில்டன், கிளிஸன் மூவரும் 1982-இல் மேற்பரப்பு மின்னோட்டத்தை எழுதத் தந்த அடிப்படைச் சார்புகளில் விளிம்புக்கு ஒரு மாறி. இந்த மாறிகளை இணைக்கும் அணி முழுக்க நிறைந்தது என்பதால் இரட்டைத் துல்லியத்தில் 300 மெகாபைட் கேட்கும். ஆரம் பத்து மடங்கானால் மாறிகள் நூறு மடங்கு, நினைவகம் பத்தாயிரம் மடங்கு: 3 டெராபைட். அந்த அளவில், முழு அணியையும் சேமிக்காமல் கணக்கிடும் எம்.எல்.எஃப்.எம்.ஏ என்ற வேக முறை இல்லாமல் வழியில்லை.

எம்.ஓ.எம்-இல் பலரைத் தடுமாற வைப்பது உள் ஒத்ததிர்வு, அதாவது கோளத்தின் உட்பகுதி உலோகப் பெட்டிபோல் ஒத்ததிரும் அதிர்வெண்கள். மின்புலச் சமன்பாட்டை மட்டும் வைத்தால், கோளத்தின் சுற்றளவு அலைநீளத்தைப் போல் 2.744 மடங்காகும் அதிர்வெண்ணில் அணி கெட்டுப்போகும். தீர்வி சுற்றிச் சுற்றி வந்தும் குவியாது, மேற்பரப்பு மின்னோட்டம் தவறாக வரும். இது முதல் இடம்தான். மேலே போகப் போக இத்தகைய அதிர்வெண்கள் நெருங்கி வரும். காந்தப்புலச் சமன்பாட்டையும் கலந்து சி.எஃப்.ஐ.இ (கூட்டுச் சமன்பாடு) ஆக்கினால் தீரும். ஆனால் அது மூடிய பரப்புக்கு மட்டும். திறந்த தகட்டுக்கு மின்புலச் சமன்பாடுதான்.

எஃப்.டி.டி.டி, 1966-இல் யீ தந்த வலை, கோளத்தோடு சுற்றியுள்ள வெளியையும் நிரப்புகிறது. அலைநீளத்துக்கு 20 செல், சுற்றிலும் அரை அலைநீள இடைவெளி, ஓரங்களில் வெளியேறும் அலையை உறிஞ்சும் 10 செல் அடுக்கு (பி.எம்.எல்): மொத்தம் 80 × 80 × 80 செல்கள். ஆறு புலக்கூறுகளுக்கு ஒற்றைத் துல்லியத்தில் 12 மெகாபைட்தான், பி.எம்.எல்-இன் துணை மாறிகள் தனி. ஒரே துடிப்பில் அகன்ற அதிர்வெண் பட்டை முழுதும் கிடைக்கும்; எம்.ஓ.எம்-இல் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் அணியை மீண்டும் கட்ட வேண்டும்.

கோளத்தின் வளைவு படிக்கட்டாக மாறுவதுதான் இதன் பலவீனம். முன்சிதறல் (அலை செல்லும் திசையில்) அழகாகப் பொருந்தியிருக்கும். பின்சிதறலில்தான் (அலை வந்த திசைக்கே திரும்புவதில்) பிழை தெரியும். சார்பு மின்விடுதிறன் 4 உள்ள மின்காப்புப் பொருளானால் உள்ளே அலைநீளம் பாதி. சீரான வலையில் நினைவகம் 8 மடங்கு. நேரப்படியும் பாதியாவதால் ஓட்டம் 16 மடங்கு. புலம் அடங்கும் முன்பே ஓட்டத்தை நிறுத்தினால் அதிர்வெண் அலைமாலையில் பொய்யான நெளிவுகள் வரும்.

வெறும் உலோகத்துக்கு எம்.ஓ.எம்-ஐத்தான் எடுப்பேன். பல அடுக்குகள், உள்ளுக்குள் மாறும் பொருள் என்றால் எஃப்.டி.டி.டி. தூசித்துகள், பனிப்படிகம் போன்ற ஒளிவிலகல் எண் குறைந்தவற்றுக்கு, பொருளைச் சிறு இருமுனைகளின் தொகுப்பாகக் கொள்ளும் டி.டி.ஏ போதும்.

எதை எடுத்தாலும் முதல் ஓட்டம் கோளத்தில் இருக்கட்டும். கோளத்துக்குத் துல்லியமான விடை தரும் மீ தொடரில், ஓர் அலைநீள ஆரத்துக்கு 16 உறுப்புகளே போதும். அந்த விடையோடு எல்லாக் கோணங்களையும் ஒப்பிடுங்கள், பின்சிதறலிலிருந்து தொடங்கி.